அவளுடைய தலைக்கு மேலே நான் வைத்த காற்று

கூரையில் வேலை செய்பவன் கொஞ்சம் கனவுக்காரனாகத்தான் இருப்பான். கீழே வேலை செய்பவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், வம்பு இருக்கிறது, தேநீர் இருக்கிறது. மேலே என்ன இருக்கிறது? தார், சரளைக்கல், வானம். பாலைவன நாட்டில் ஆறேழு வருடம் நான் அந்த வானத்துக்குக் கீழேதான் கிடந்தேன். தட்டைக் கூரைகளில் ஏசிப் பெட்டிகளை இறக்கிப் பூட்டுவது என் வேலை. ஒரு சின்ன வான் வண்டி அளவு தகரப் பெட்டி. கொம்பிரசர், விசிறி, செப்புச் சுருள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கூரையில் ஓட்டை வெட்டி, ஓட்டையைச் சுற்றி இரும்புச் சட்டம் பூட்டி, கிரேனால் தூக்கி அந்தச் சட்டத்தின் மேல் இருத்திவிட்டால் கீழே உள்ளவர்களுக்கு மார்கழி மாதம். மேலே நிற்கிற எங்களுக்கு அப்போதும் அதே வெயில்தான்.

அந்தக் கட்டடங்களுக்குள் ஒரு தடவைகூட என்னை விட்டதில்லை. வெளி ஏணியால் ஏறுவோம், வெளி ஏணியால் இறங்குவோம். என் குளிரில் யார் இருந்தார்கள், அது அவர்களுக்குப் பிடித்ததா, பல்லுக் கிட்டியதா, யாரும் வந்து சொன்னதில்லை. மத்தியானத்தில் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் சரிந்தால் ஒரே கனவுதான் திரும்பத் திரும்ப வரும். நானே காற்றாகி, நான் பூட்டிய தகரக் குழாய்க்குள் இறங்கிப் போவேன். வளைவுகளில் எல்லாம் தோள் உரசும். கடைசியில் ஒரு சதுர வெளிச்சம் தெரியும். அதற்குக் கீழே முகம் தெரியாத ஒரு பெண் தலையை நிமிர்த்திக் கண்ணை மூடுவாள். அவளுடைய முகத்தைப் பார்க்கப்போகிற நேரம் பார்த்து மேற்பார்வைக்காரன் காலால் என் சப்பாத்தைத் தட்டுவான். அவனை நான் மனதுக்குள் திட்டாத நாள் கிடையாது.

பிறகு மொன்றியல். இரண்டாயிரத்தின் முதல் வருடங்கள். பனி கொட்டுகிற ஊரில் குளிர்ப்பெட்டி பூட்டப் போகிறானாம், விசரன், என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இங்கே அதே பெட்டிக்குள் எரிவாயு அடுப்பு ஒன்றும் இருக்கிறது என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? கோடையில் குளிர், மாரியில் சூடு, இரண்டும் ஒரே குழாயால் வரும். எனக்கே முதலில் நம்ப முடியவில்லை. மொன்றியலுக்குப் பக்கத்து ஊரான லவாலில் ஒரு கடைத்தொகுதியின் கூரையில் முதல் தடவை பனிக்குள் நின்றபோது, கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை, காற்று அதை வரி வரியாகக் கிழித்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் எந்த நாட்டில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. மணல்தான், ஆனால் வாயில் பட்டதும் கரைந்தது.

எனக்கு வேலை தந்தவரை நாங்கள் பத்ரோன் என்போம். முதலாளி என்று இந்த ஊர்ப் பிரெஞ்சில் அர்த்தம். வாயில் சிகரெட்டோடு பேசுவார், பாதி சொற்கள் புகையோடு போய்விடும். என்னுடைய பிரெஞ்சும் அந்த இலட்சணம்தான். ஆனாலும் ஒரு பெட்டியின் இரண்டு பக்கமும் நாங்கள் நின்றால் பேச்சே தேவைப்படாது.

அவள் எங்கள் பகுதியான பார்க் எக்ஸில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு தையல் ஆலையில் வேலை செய்தாள். அவள் என்றால் என் மனைவி. இரண்டாம் மாடி, மேலே நேராகக் கூரை. முதலாளி ஒரு கிரேக்கக் கிழவர். கோடையில்தான் அங்கே குளிர்கால மேற்சட்டைகள் தைப்பார்கள். வெளியே ஜூலை வெயில் எரிக்கும், உள்ளே பெண்கள் மடியில் தடித்த பஞ்சு உள்துணியைப் போட்டுக்கொண்டு மெஷின் ஓட்டுவார்கள். அவளுடைய இடம் மூலையில், நீராவி இஸ்திரிக்குப் பக்கத்தில்.

அவளுக்கு அப்போது ஐந்து மாதம். அதற்கு முதல் இரண்டு தடவை தங்கவில்லை. இதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசமாட்டோம். பேசாமல் இருப்பதே எங்களுக்குள் ஒரு பேச்சாக இருந்தது. கிளினிக்கில் தாதி தெளிவாகச் சொல்லிவிட்டார்: சூட்டில் இருக்கக் கூடாது, தண்ணீர் குடிக்க வேண்டும், தலை சுற்றினால் உடனே வைத்தியசாலை. நான் வீட்டுக்கு வந்ததும் வேலையை விடச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

அவள் சத்தம் போடவில்லை.

"வீட்டிலை இரு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ," என்றாள். "ரெண்டு தரமும் இந்தக் கட்டிலிலைதானே கிடந்தனான். எல்லாரும் சொன்ன மாதிரி அசையாமல் கிடந்தனான். என்ன நடந்தது? தனியக் கிடந்து சுவரைப் பாத்துக்கொண்டிருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும். அங்கை நாலு பேர் இருக்கினம், சிரிக்கினம், கதைக்கினம். நேரம் போறது தெரியாது. என்னை அங்கை விடுங்கோ."

கட்டிலைப் பார்த்தேன். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் பழைய தளபாடக் கடையில் இரண்டு பேரும் சேர்ந்து ஆசையாய் வாங்கிய கட்டில். அன்றைக்கு அதை உடைத்துக் குப்பைக்குப் போடலாம் போல இருந்தது.

ஜூன் முடிகிற நேரம் பார்த்து அந்த ஆலையின் கூரையில் இருந்த பழைய பெட்டி மண்டையைப் போட்டது. கிழவர் நாலு விசிறி வாங்கி வைத்தார். விசிறி என்ன செய்யும்? சூட்டை இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்குத் தள்ளும். பின்னேரம் அவள் வீட்டுக்கு வரும்போது கழுத்தெல்லாம் சிவந்து, கால் வீங்கி இருக்கும். "ஒண்டுமில்லை" என்பாள்.

கிழவர் எங்கள் பத்ரோனிடம்தான் புதுப் பெட்டி கேட்டிருந்தார். பெட்டியும் வந்து களஞ்சியத்தில் நின்றது. கிரேன்தான் இல்லை. இந்த மாகாணத்தில் ஜூலைக் கடைசியில் கட்டட வேலைக்காரர் எல்லாரும் ஒரேயடியாக இரண்டு கிழமை விடுமுறையில் போய்விடுவார்கள். ஊரில் ஆணி அடிக்கிற சத்தம்கூடக் கேட்காது. கிரேன்காரர்கள் ஏதாவது ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பார்கள். அதற்கு முதல் எல்லாக் கிரேனுக்கும் வேலை நிறைந்துவிட்டது, இனி ஓகஸ்ட்தான், என்றார் பத்ரோன்.

"ஓகஸ்டா?" என்று கத்தினேன். பிறகு என் வாயில் வந்தது பிரெஞ்சா, ஆங்கிலமா, தமிழா, எனக்கே தெரியாது. அவள் அங்கே இருக்கிறாள் என்றேன். வயிற்றைக் கையால் வரைந்து காட்டினேன். இரண்டு விரலைக் காட்டி, பிறகு அந்த இரண்டையும் மடக்கினேன். அது அவருக்கு விளங்கிவிட்டது. சிகரெட்டைச் சுவரில் தேய்த்து அணைத்தார். அவர் பாதியில் சிகரெட்டை அணைத்து நான் அதற்கு முதல் பார்த்ததே இல்லை. தன் மைத்துனருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த மனிதரிடம் ஒரு கிரேன் இருந்தது. விடுமுறை தொடங்குகிற நாளுக்கு முதல்நாள், விடிகிற நேரத்தில், மற்ற வேலைக்குப் போகிற வழியில் வந்து தூக்கித் தருவதாகப் பேச்சு.

அந்த விடியலை நான் இன்னும் மறக்கவில்லை. கூரைத் தார் இரவுச் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டு சப்பாத்துக்குக் கீழே மெத்தென்று இருந்தது. கிழக்கே வில்லரே பக்கம் வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. மேற்கே பெருந்தெருவுக்கு அந்தப் பக்கம் பணக்காரரின் மரங்கள், இந்தப் பக்கம் எங்கள் தட்டைக் கூரைகள், பல்கனியில் தக்காளிச் செடி, கொடியில் காய்கிற சாரம். கிரேனின் கை மெல்ல நிமிர்ந்தது. பெட்டி றோட்டில் இருந்து எழும்பி, மின்கம்பிகளைத் தாண்டி, தூக்கத்தில் புரள்கிற குழந்தை மாதிரி ஒரு பக்கம் மெல்லத் திரும்பியது. "டூஸ்மான், டூஸ்மான்," என்றார் பத்ரோன், மெதுவாய் மெதுவாய் என்று. நான் ஒரு கையை உயர்த்தியபடி நின்றேன். விரலைக் கீழே காட்டினால் இறங்கும், உள்ளங்கையை விரித்தால் நிற்கும். அவ்வளவு பெரிய பாரம் என் விரலுக்குக் கட்டுப்பட்டு வானத்தில் தொங்கியது. ஒரு கணம் பாலைவனக் கூரையில் நிற்கிறேனா, இங்கே நிற்கிறேனா என்று குழம்பிவிட்டது. பெட்டிக்குக் கீழே சூரியன் வந்து நின்றது. பிறகு அது சட்டத்தின் மேல் வந்து அமர்ந்த சத்தம், பெரிய புத்தகம் ஒன்றை மூடுகிற சத்தம் அளவுதான்.

கீழே எட்டிப் பார்த்தேன். வேலைக்கு வந்த பெண்கள் றோட்டில் அண்ணாந்தபடி நின்றார்கள். அவளும் நின்றாள், ஒரு கையை நெற்றியில் வைத்து, ஒரு கையை வயிற்றில் வைத்து. நான் பெரிய ஆள் மாதிரிக் கையசைத்தேன். அவள் வெட்கப்பட்டுப் பக்கத்தில் நின்ற அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு ஆள், ஐம்பது வயது இருக்கும். அந்தத் தையல் மண்டபத்தில் யாருக்கு என்ன வருத்தம், யாருக்கு எப்போது சம்பந்தம், எல்லாம் அவருடைய விரல் நுனியில். கிழவருக்குக்கூட அவர் சொன்னால்தான் வேலை நடக்கும் என்று தெரியும். என் மனைவியை அவர் தன் பக்கத்தில்தான் இருத்தி வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் பாதியை அவளுடைய கோப்பையில் தள்ளிவிடுவார்.

குழாய்களைப் பொருத்த நான் மண்டபத்துக்குள் இறங்கினேன். அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பழைய காற்றுவாய்கள் எல்லாம் நடு மண்டபத்தில்தான் இருந்தன. காற்றுவாய் என்பது கூரைத்தட்டில் தெரிகிற சதுரத் தகரச் சட்டம், காற்று வெளியே வருகிற இடம். இஸ்திரி மூலைக்கு ஒன்றுமே இல்லை. "அங்கே ஒன்று போடுவோம்," என்றேன். பத்ரோன் மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணைச் சிமிட்டினார். மிச்சம் கிடந்த குழாயை வெட்டி, ஒரு வளைவு போட்டு, நேராக அவளுடைய கதிரைக்கு மேலே ஒரு வாய் வைத்தேன். மற்ற வாய்களை விட அதற்குக் காற்று கூடுதலாய் வரும்படி, காற்றைத் திசைதிருப்புகிற தகரத் தட்டுக்களையும் திருப்பி வைத்தேன். களவுதான். யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானத்தில் திரும்பக் கூரைக்கு ஏறி விசையைப் போட்டேன். பெட்டி உறுமி, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. நான் ஏணியில் ஓடி இறங்கினேன். ஏன் ஓடினேன் தெரியுமா? எத்தனையோ வருடம் எத்தனையோ பெட்டி பூட்டியிருக்கிறேன், முதல் குளிர் ஆட்களின் முகத்தில் படுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கதவைத் திறந்தேன். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. பெண்கள் கைகளை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் துப்பட்டாவை எடுத்துக் காற்றில் பிடித்தாள். கிழவர் தொப்பியைக் கழற்றி வழுக்கைத் தலையைக் காட்டினார். மூலையில் அவள் கதிரையில் இருந்தபடி தலையை நிமிர்த்திக் கண்ணை மூடியிருந்தாள். நெற்றி மயிர் பறந்தது.

அதே கனவு. இந்தத் தடவை முகம் தெரிந்தது.

"எப்பிடி?" என்றேன் பக்கத்தில் போய்.

"குளிருது," என்றாள். கண்ணைத் திறக்காமல் சிரித்தாள்.

அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் என் கால் நிலத்தில் படவில்லை. வழியில் கண்டவன் எல்லாருக்கும் கதை சொன்னேன். தெப்பன்னேர் என்று இங்கே சொல்கிற மூலைக்கடையில் நின்றவன், "நல்லது, பியரா, சோடாவா?" என்று கேட்டான். இரண்டும் வேண்டாம், நானே குளிராய் இருக்கிறேன், என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

அடுத்த நாள் விடுமுறை தொடங்கியது. எனக்கு வேலை இல்லை, ஆனால் கிழவருடைய மேற்சட்டைகள் கப்பலுக்குப் போக வேண்டியிருந்ததால் ஆலை நடந்தது. வெயில் சொல்லி வேலையில்லை. பாலைவனத்தில் வியர்வை வந்த உடனே காய்ந்துவிடும். இங்கே அது காயாது, தோலோடு ஒட்டிக்கொண்டு கூடவே படுக்கும். நான் யன்னலோரம் சாரத்தோடு நிலத்தில் கிடந்து பகல் கனவு கண்டேன். அவளைப் பற்றிக் கவலைப்படவில்லை. எனக்கென்ன கவலை? என் பெட்டி மேலே ஓடுகிறது, என் காற்று அவளுடைய தலையில் விழுகிறது. பின்னேரம் அவள் வந்ததும் கேட்பேன், "இண்டைக்கும் நல்லா வந்ததோ?" "ஓம், வந்தது." "குளிர் காணுமோ?" "ஓம் ஓம், காணும்." பதில் சொல்லிக்கொண்டே முகம் கழுவப் போய்விடுவாள். கழுத்து சிவந்துதான் இருந்தது. வழியில் நடந்து வந்த வெயில் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமையின் கடைசியில், மத்தியானம் திரும்பிய நேரம், தொலைபேசி அடித்தது. அக்கா.

"தம்பி, ஓடி வா மனே. புள்ள மயங்கிட்டாள். அம்புலன்சுக்கு அடிச்சிட்டம். நீ ஓடி வா."

எந்தச் சப்பாத்தைப் போட்டேன், கதவைப் பூட்டினேனா, ஒன்றும் நினைவில்லை. வீட்டில் இருந்து ஆலை ஓட்டத்தில் கிட்டத்தான். ஆனால் அந்த றோட்டு அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் வீட்டுப் படிகளில் ஆட்கள் விசிறிக்கொண்டு இருந்தார்கள். எல்லாரும் மெதுவாக அசைந்தார்கள், நான் மட்டும் தண்ணீருக்குள் ஓடுகிறவன் மாதிரி ஓடினேன். முருகா, இந்தத் தடவை வேண்டாம், இந்தத் தடவை மட்டும் வேண்டாம், என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

மண்டபக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. பெட்டி ஓடுகிறது. அப்படியென்றால் ஏன்? நடுவைத் தாண்டி மூலைக்குப் போகப் போகச் சூடு ஏறியது. இஸ்திரிக்குப் பக்கத்தில் போனபோது அடுப்படி வெக்கை. அவளை நிலத்தில், மேற்சட்டைகளின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வெளிறி, உதடு காய்ந்து கிடந்தது. அக்கா அவளுடைய தலையை மடியில் வைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மேலே பார்த்தேன்.

என் காற்றுவாய்க்கு ஒரு உறை போட்டிருந்தார்கள்.

அட்டையை ஒட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இது தைத்த உறை. மேற்சட்டை உள்துணியில், பஞ்சு வைத்து, நாலு மடிப்பாய், குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி, ஓரத்தில் இலாஸ்டிக் வைத்து, சதுரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போலக் கச்சிதமாய் மாட்டியிருந்தது. தையல்காரிகள் அல்லவா! ஒரு துளிக் காற்று கசியவில்லை. உறை மட்டும் உள்ளே அடைபட்ட காற்றால் மெல்ல உப்பி உப்பி இறங்கியது.

"ஆர்?" என்று கத்தினேன். "ஆர் இதைப் போட்டது?"

மெஷின்கள் நின்றன. அக்கா தலையை நிமிர்த்தினார்.

"நான்தான் மனே. புள்ளத்தாச்சிட உச்சியில குளிர் காத்து நேர விழப்படா. வயித்துப் புள்ளைக்கு ஆகா. எங்கட ஊரில பேய்க்காத்து அடிச்சா கதவைச் சாத்திப்போட்டுத்தான் புள்ளத்தாச்சியைப் படுக்க வைப்பம். முதல் ரெண்டும் போன புள்ளயல்லவா. நாங்க எல்லாரும் சேந்துதான் தெச்சம்."

"காத்தை மூடிப்போட்டு ஆளை அவிச்சு எடுத்திருக்கிறியள்! உங்களுக்கு அறிவிருக்கோ?" மேசையில் ஏறி உறையைப் பிடித்து இழுத்தேன். அது சுலபமாய் வரவில்லை. அவ்வளவு நல்ல தையல். கடைசியில் பிய்ந்து வந்தபோது குளிர் மொத்தமாய் இறங்கியது. உறையைச் சுருட்டி எறிந்தேன். எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. கீழே அவள் கண்ணைத் திறந்தாள். பார்த்தது என்னை இல்லை. அழுதுகொண்டிருந்த அக்காவை.

அம்புலன்ஸில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் அவ்வளவு சந்தோசமாய்க் கேட்டனீங்கள்," என்றாள். "நல்லா வந்ததோ, வந்ததோ எண்டு. எப்பிடிச் சொல்லுறது மூடிப்போட்டினம் எண்டு? அக்காவும் பாவம், மத்தியானச் சாப்பாட்டை விட்டிட்டு இருந்து தைச்சவ. அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது கழட்டுங்கோ எண்டு?" பிறகு மெல்லச் சொன்னாள், "எனக்கும் பயம்தான். ஒருவேளை அவ சொல்லுறது சரியா இருந்தால்?"

எனக்காகவும் அக்காவுக்காகவும் அவள் அந்த மூலையில் ஒரு கிழமையாய் வெந்துகொண்டு இருந்திருக்கிறாள். திட்ட ஆள் இல்லாமல் போனால் எனக்குப் பேச்சே வராது.

வைத்தியசாலையில் ஒரு தாதி அவளுடைய வயிற்றில் களிம்பு பூசி, கைக்குள் அடங்குகிற கருவி ஒன்றை வைத்து அழுத்தினார். முதலில் இரைச்சல் மட்டும் வந்தது. கருவியை நகர்த்தினார். இரைச்சல். மீண்டும் நகர்த்தினார். அவள் கூரைத்தட்டைப் பார்த்தபடி கிடந்தாள், கண் இமைக்கவில்லை. முதல் இரண்டு தடவையும் இந்த இடத்தில்தான் தாதிகள் பேச்சை நிறுத்தினார்கள், போய் வேறொருவரைக் கூட்டி வந்தார்கள். நான் இந்தத் தாதியின் முகத்தைப் பார்க்கப் பயந்து சப்பாத்தைப் பார்த்தேன். ஒன்று வேலைச் சப்பாத்து, மற்றது வீட்டுச் செருப்பு.

பிறகு அது வந்தது. டக்டக்டக்டக். சின்னதாய், அவசர அவசரமாய், எவ்வளவு அடம். "வுவாலா," என்றார் தாதி சிரித்துக்கொண்டு, இதோ இருக்கிறதே என்று. உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. அவள் அழத் தொடங்கினாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

அன்று பின்னேரம் வரை அங்கே வைத்திருந்தார்கள், கையில் சேலைன் ஏறியது. வெளிச்சம் சரிந்து யன்னல் மஞ்சளாகி, இரண்டு பேருக்கும் கண் சொக்கியது. கதிரையில் அரைத் தூக்கத்தில் இருந்தபோது அவளுடைய குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"மேலை பாருங்கோ. அந்தக் காத்து நேரை என்ரை உச்சியிலை விழுது. குளிருது. ஏதாவது போட்டு மூடுங்கோ."

பார்த்தேன். கட்டிலுக்கு நேர் மேலே ஒரு சதுரக் காற்றுவாய். நான் பூட்டியதைப் போலவே, ஆளின் தலையில் விழட்டும் என்று வைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நிற்கவில்லை. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழும்பிக் கட்டிலின் சில்லுப் பூட்டைக் காலால் தட்டி, கட்டிலையே சுவரோரம் தள்ளினேன். காற்று அறையைச் சுற்றி வந்து மெதுவாய் அவளைத் தொட்டது. "இப்ப சரி," என்று அவள் கண்ணை மூடினாள். மூடவும் வேண்டாம், தலையில் கொட்டவும் வேண்டாம். இதை ஒரு கட்டிலின் சில்லு எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

விடுமுறை முடிந்ததும் ஆலைக்குப் போய் அந்த வாயின் தட்டுக்களைச் சுவர்ப் பக்கம் சரித்து வைத்தேன். காற்று சுவரில் பட்டு இறங்கி மூலை முழுவதும் பரவியது. கிழவரும் அவளுடைய கதிரையை இஸ்திரியில் இருந்து தள்ளிப் போட்டார். கிளினிக்கில் கேட்டுக்கொண்டு அவள் அரை நாள் மட்டும் போனாள், பிள்ளை பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கும் வரை போனாள். அக்காவோடு நான் பேசவில்லை. அவரும் தலை குனிந்து மெஷினைப் பார்ப்பார். கோபம் எனக்கு ஓடி வரும், போகத்தான் சோம்பேறி மாதிரிப் பஞ்சிப்படும். "அவவோடை கதையுங்கோ," என்று அவள் எத்தனையோ தரம் சொன்னாள். பேந்து பார்ப்பம் என்றேன்.

இலை எல்லாம் கொட்டி முடிந்த காலத்தில் மகள் பிறந்தாள். நல்ல நிறை, நல்ல தொண்டை. என்னைப் போலக் கோபக்காரி.

முதல் பனி வந்த கிழமை ஆலையில் அடுப்பைப் பற்றவைக்கப் பத்ரோன் என்னை அனுப்பினார். கூரையில் சரளைக்கல் உறைந்து கிடந்தது. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து எரிவாயுவைத் திருப்பினேன். நீலச் சுடர் வரிசையாய் ஓடிப் பற்றியது. கோடை முழுவதும் படிந்த தூசு கருகுகிற மணம் வந்தது. கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். கோடையில் குளிரைத் தந்த அதே பெட்டி, அதே குழாய். பாலைவனத்தில் இதை யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள்.

உள்ளே இறங்கியபோது மூலையில் அவளுடைய கதிரை வெறுமையாய் இருந்தது. அதற்குப் பக்கத்தில், காற்றுவாய்க்குக் கீழே, அக்கா ஒரு கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப சூடு வருகுது மனே," என்றார், என்னைப் பார்க்காமல். "நல்ல சூடு. புள்ளையக் கொண்டு வந்து காட்டச் சொல்லு."

"ஓம் அக்கா," என்றேன். அவர் குனிந்து மெஷினுக்குக் கீழே இருந்து ஒரு கடைப் பையை எடுத்து என் கையில் திணித்தார்.

திறந்தேன். அந்த உறை. இலாஸ்டிக்கைப் பிரித்து எடுத்து, நான் பிய்த்த இடத்தைத் தைத்து, நாலு பக்கமும் பட்டு நாடா வைத்து, ஒரு சின்னப் போர்வை ஆக்கியிருந்தார்கள். நடுவில் சாம்பல் நிறத்தில் கோடுகள், சதுரத்துக்குள் சதுரமாய். என் காற்றுவாயின் தட்டுக்கள் பதிந்த அச்சு. பழைய குழாய்களின் தூசு எல்லாம் அந்த நாட்களில் அதில்தான் வந்து அடித்திருக்கிறது.

"எத்தின தரம் கழுவியும் போகல்ல," என்றார் அக்கா. "உன்ட காத்துட ஊத்தை." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. மூன்று நாலு பெண்கள் மெஷின் ஓட்டுவதாகப் பாவனை செய்துகொண்டு எங்களையே பார்த்தார்கள்.

அதை மேற்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பனிக்குள் நடந்து வீட்டுக்குப் போனேன். அவள் கண்டதும் தெரிந்துகொண்டாள். வாங்கி முகத்தில் வைத்து மணந்து பார்த்தாள். மகள் கட்டிலில் கிடந்தாள், நான் உடைத்து எறிய நினைத்த அந்தக் கட்டிலில். அவள் அந்தப் போர்வையால் மகளைப் போர்த்திவிட்டு அணைத்தபடி பக்கத்தில் சாய்ந்தாள், கொஞ்ச நேரத்தில் அவளும் நித்திரையாகிவிட்டாள். யன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் கொட்டியது. சாம்பல் சதுரத்தின் மேல் மகளின் சின்னக் கை விரிந்து கிடந்தது. போர்வை மெல்ல உப்பி உப்பி இறங்கியது. நான் நிலத்தில் இருந்துகொண்டு அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.